வள்ளத்துக்கு அடித்த பச்சை

காருக்குள் ஆள் இருந்தால் அவர் பொனற்றைத் திறக்கமாட்டார். யாராக இருந்தாலும் இறங்க வேண்டும். நான்கு கதவும் திறந்திருக்க வேண்டும், கண்ணாடிகள் முழுக்கக் கீழே இறங்கியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் பற்றறியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுவார். கழற்றிய முனைக்கு ஒரு பழைய சொக்ஸைப் போட்டு மூடிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று மூச்சு விடுவார். சத்திரசிகிச்சைக்குப் போகிற வைத்தியர்கூட இவ்வளவு ஆயத்தம் செய்திருக்கமாட்டார்.

திருகோணமலை உட்துறைமுகக் கரையில், மீனவர் தங்கும் வாடிகளுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டில்தான் அவருடைய இடம். வாகனங்களுக்கு வயரிங் வேலை. மேசனையும் மெக்கானிக்கையும் கூப்பிடுவதுபோல அவரையும் எல்லோரும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இல்லாத இடத்தில் ‘பயந்த பாஸ்’. அது அவருக்கும் தெரியும். கல்யாண மோதிரத்தைச் சுற்றிக் கறுப்பு ரேப் ஒட்டியிருப்பார். மோதிரம் பற்றறியில் பட்டால் விரலோடு வெந்துபோகும் என்பார். கொட்டில் வாசலில் இரண்டு வாளி நிறைய மணல் வைத்திருந்தார், தீப்பிடித்தால் கொட்டுவதற்கு. வாடிப் பூனைகள் அந்த மணலை வேறு காரியத்துக்குப் பாவித்தன. ஒவ்வொரு நாளும் காலையில் அவர் முதலில் செய்கிற வேலை மணல் மாற்றுவது.

ஒருமுறை கிண்ணியாவிலிருந்து லொறியோடு வந்த முஸ்லிம் நானா ஒருவர் பொறுமையிழந்துவிட்டார். “பாஸ், பாம்பா புடிக்கப் போறீங்க? ஒரு வயர்தானே” என்று சிரித்தார்.

“பாம்பெண்டா கண்ணுக்குத் தெரியும் நானா. இறங்குங்கோ” என்றார் பாஸ்.

நானா சிரித்துக்கொண்டே இறங்கினார். லொறியில் ஏற்றியிருந்த வைக்கோலையும் இறக்கச் சொன்னபோதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது.

ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்பதற்கு ஊரில் மூன்று நான்கு கதைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று ஒத்துவராத கதைகள். நான் ஒருநாள் நேராகவே கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “பயப்பிடாத ஆக்களிட்டயெல்லே தம்பி காரணம் கேக்க வேணும்?” என்றார்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்தது ஆல்டர்நேட்டரால். இஞ்சின் ஓடும்போது பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற அந்தச் சாமான், ஒருநாள் காலை நிலாவெளி வீதியில் செத்துப்போனது. எங்கள் வீடு இறக்கக்கண்டியில். மனைவி சுகந்தி நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். ஆறு வருடங்களுக்கு முன் முள்ளந்தண்டில் வந்த ஒரு கட்டியை எடுத்தார்கள், அதிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பஸ்ஸில் ஏற முடியாது. ஓட்டோவில் பிடிமானமில்லாமல் நிமிர்ந்திருக்க முடியாது. கார் ஓடினால் அவளுக்கு வேலை, ஓடாவிட்டால் வீடு. ஆகவே அன்றைக்கே நகரத்துக் கராச் ஒன்றில் விட்டு, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஆல்டர்நேட்டர் ஒன்றைப் பூட்டுவித்தேன்.

அடுத்த நாளே பேய் பிடித்தது. சிக்னல் போட்டால் டாஷ்போட் விளக்கும் சேர்ந்து மினுங்கியது. பெரிய லைற்றைப் போட்டால் றேடியோ கரகரத்தது. ஏ.சி. காற்று ஏறி இறங்கியது. அக்சிலேற்றரை மிதித்தால் கொஞ்சம் இறுகிப் பிறகு விட்டது. கராச்சில் “பற்றறி பழசு” என்றார்கள். புதுப் பற்றறி போட்டேன். மாற்றமில்லை. மறுபடி போனபோது “கார் பழசு” என்றார்கள். அதற்குமேல் என்ன சொல்வது? ஐஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறவர்தான், “பயந்த பாஸிட்டக் காட்டுங்கோ” என்றார்.

முதலில் அவர் காரைப் பார்க்கவேயில்லை. முன் சீற்றில் சுகந்தி இருந்ததைத்தான் பார்த்தார்.

“தங்கச்சிக்கு இறங்கேலாதோ?”

“இறங்குவன். இவர்தான் இறக்க வேணும்” என்றாள் சுகந்தி.

“எவ்வளவு நேரம் செல்லும்?”

மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, “ரெண்டு நிமிசம்” என்றேன்.

“இறக்குங்கோ பாப்பம்.”

டிக்கியைத் திறந்து சில்லுக் கதிரையை எடுத்தேன். விரித்தேன். சுற்றிக் கொண்டுவந்து கதவோரம் நிறுத்தி, சில்லைப் பூட்டி, பெல்ற்றைக் கழற்றி, அவளைத் தூக்கி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் பாஸ் கையில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் இரத்தமில்லை.

“நாலு நிமிசம்” என்றார். “கதிரையை எடுக்காமல் செய்யுங்கோ. ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு அந்தச் சுவர் மட்டும் போங்கோ.”

“ஏன்?”

“புகை வந்தா, டிக்கி திறந்து கதிரை எடுக்கிற நேரம் உங்களுக்குத் தராது தம்பி.”

ஆறு வருடமாக அவளை ஏற்றி இறக்குகிறேன். பெற்றோல் நிறைந்த ஒரு இரும்புப் பெட்டிக்குள், தானாக எழும்ப முடியாத ஒருத்தியை ஒவ்வொரு நாளும் கட்டி வைக்கிறேன் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. அவர் என்னை மூன்று தரம் தூக்கச் செய்தார். மூன்றாம் தரம் சுகந்திக்குப் பொறுமை போனது.

“பாஸ், நானென்ன அரிசி மூட்டையோ?”

“மூட்டை எண்டா நான் பயப்பிடமாட்டன் தங்கச்சி” என்றார்.

சுகந்தியை வாகை மர நிழலில் இருத்திவிட்டு வந்த பிறகுதான் வேலை தொடங்கியது. பிழை தேடும்போது அவர் யாரோடும் கதைக்கமாட்டார். முதலில் மணந்து பார்ப்பார். வயர்க் கட்டுகளில் மூக்கை வைத்து, பழுத்த மாம்பழம் தேடுகிறவர்போல ஒவ்வொன்றாக மணந்துகொண்டே போவார். பிறகு புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொடமாட்டார், கரண்ட் அடித்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும் என்ற பயம். பன்னிரண்டு வோல்ற்றில் அப்படியெல்லாம் நடக்காது என்று நான் சொன்னதற்கு, “நடக்காமல் இருக்கட்டும்” என்றார். பற்றறி முனையைத் திரும்பப் பூட்டி, என்னைக் கதவுக்கு வெளியே நின்று கையை நீட்டி இஞ்சின், லைற், ஏ.சி. எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டு, மீற்றரின் ஒரு ஊசியைப் பற்றறியிலும் மற்றதைக் காரின் உடம்பிலும் வைத்தார். இலக்கத்தைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு பின்னால் வந்துவிட்டார்.

“எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ. இஞ்ச வாங்கோ. இதைத் தொட்டுப் பாருங்கோ.”

அக்சிலேற்றர் கேபிள். தொட்ட விரலை நான் உடனே எடுத்துவிட்டேன். அப்படிச் சுட்டது.

அவர் விளங்கப்படுத்தினார். பற்றறியிலிருந்து போகிற கரண்ட், லைற்றுக்கும் ஏ.சி.க்கும் போய் வேலை செய்தபிறகு காரின் உடம்பு இரும்பு வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். உடம்பையும் இஞ்சினையும் சேர்த்து ஒரு தடித்த எர்த் வயர் இருக்கிறது. ஆல்டர்நேட்டர் மாற்றியபோது கராச்சில் அந்த வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். ஆனால் பூட்டிய இடத்தில் இரும்பு இரும்பைத் தொடவில்லை. திரும்பி வர வழியில்லாத கரண்ட் எல்லாம், நான் காலால் மிதிக்கிற கேபிள் வழியாக வந்துகொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கேபிள் உருகி, மிதிச்ச மிதியில நிண்டிருக்கும். காரை நிப்பாட்ட ஏலாமல் போயிருக்கும்” என்றார். சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கியது. வேறொருவருடைய காருக்காக ஒரு மனிதர் நடுங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஸ்குரூ டிரைவரால் அந்த எர்த் வயரைப் பூட்டியிருந்த நட்டைச் சுற்றிச் சுரண்டினார். பச்சை நிறத்தில் சுருள் சுருளாக வந்தது.

“இதென்ன, வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ற்றெல்லே? எந்த மோடன்ர வேலை இது?”

அந்த மோடன் நான்தான். என் தம்பிக்கு இறக்கக்கண்டியில் வள்ளம் இருக்கிறது. வருசா வருசம் வள்ளத்துக்குப் பச்சை அடிப்பான். கடற்காற்றில் காருக்கு உள்ளே எல்லாம் துரு ஏறுகிறதே என்று, போன வருடம் மிச்சமாயிருந்த பெயின்ற்றை வாங்கி, இஞ்சின் அறை, சீற்றுக்குக் கீழே, கால் வைக்கிற இடம் என்று கை போன இடமெல்லாம் அடித்தேன். வெறுமனே அடிக்கவில்லை. துப்புரவாகச் செய்ய வேண்டும் என்று சில நட்டுகளைக் கழற்றி, கீழேயும் அடித்து, காய்ந்தபிறகு திரும்பப் பூட்டினேன். கரையோர ஆட்களுக்குத் துரு என்றால் மருந்து பெயின்ற்தான். வள்ளத்துக்கு எர்த் இல்லை என்பது எனக்கு யோசனையில் வரவேயில்லை.

“ஆர் அடிச்சது தம்பி? எப்ப அடிச்சது?” என்று பாஸ் மறுபடி கேட்டார்.

அவர் மோடன் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அது நானாகத் தேடிக்கொண்ட சாட்டாகவும் இருக்கலாம். “தெரியாது பாஸ். வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்தது” என்றேன்.

“பழைய பெயின்ற்றோ? அப்ப சரி. மற்ற நட்டெல்லாம் பெயின்ற் அடிக்க முந்தியே இறுக்கினதாத்தான் இருக்கும். கராச்காரன் கழட்டினது மட்டும்தான் பிழை.”

“ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்றேன் நானும். சுகந்தி மர நிழலில் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்த இடத்தை வெள்ளி இரும்பு தெரியும்வரை சுரண்டி, புது எர்த் வயர் போட்டுத் தந்தார். கார் மறுபிறவி எடுத்தது. லைற் பளிச்சென்று எரிந்தது. ஏ.சி. காற்று முகத்தில் அடித்தது.

அதன் பிறகும் அவர் விடவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போன் வரும். “காரை எங்க விட்டிருக்கிறீங்கள்? சுவரோட ஒட்டியோ? கொஞ்சம் தள்ளி விடுங்கோவன்.” இன்னொரு நாள், “சீற் பெல்ற்றை வெட்டுறதுக்கு ஒரு கத்தி கைக்கெட்ட இருக்குதோ?” அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. காலையில் காரைச் சுற்றி மணந்து பார்க்கத் தொடங்கினேன். சுகந்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். “பாஸ் உங்களுக்கு ஊசி போட்டு விட்டிட்டார்” என்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் நான் கழற்றிப் பூட்டிய மற்ற நட்டுகள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவில் இருந்தன. லைற் எரிகிறது, றேடியோ பாடுகிறது, இனி என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். போய்ச் சொன்னால், ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்பாரே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் விட்டேன்.

மூன்று கிழமை கழித்து, மாரி மழை. காலை ஏழு மணிக்குச் சாம்பல்தீவுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடியில் ஆவி படிந்து புகார் பிடித்ததால் ஏ.சி. காற்றை முழுக்க வைத்திருந்தேன். லைற், வைப்பர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

“ஆரோ பிளாஸ்ரிக் எரிக்கினம்” என்றாள் சுகந்தி.

இந்த மழையில் யார் எரிப்பது? நான் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய இடது காலுக்குப் பக்கத்தில், கதவோரத் தகட்டின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. அவளுடைய பாதம் அந்தத் தகட்டோடு ஒட்டிச் சாய்ந்திருந்தது. அவள் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படி நிறுத்தினேன், எப்படிச் சாவியை எடுத்தேன், எப்படிச் சுற்றி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. பெல்ற் கழலவில்லை என்று நினைத்துக் கத்தினேன். அவள்தான் அமைதியாகக் கழற்றினாள். தூக்கிக்கொண்டு ஓடினேன். பாலத்தின் ஓரக் கட்டில், கொட்டுகிற மழையில், அவளை இருத்திவிட்டு நானும் விழுந்தேன். கார் கதவு வழியாகப் புகை தடிப்பாக வந்தது. பிறகு மெலிந்தது. சாவியை எடுத்ததால் தீ பிடிக்கவில்லை.

சுகந்தி குனிந்து தன் காலைப் பார்த்தாள். சுண்டு விரலும் பாதத்தின் ஓரமும் சிவந்து, தோல் கொப்பளித்துக் கிளம்பியிருந்தது. செருப்பின் வார் உருகி அதில் ஒட்டியிருந்தது.

“நோகேல்லை” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி, “உண்மையாத்தான். ஒண்டும் நோகேல்லை” என்றாள். அவள் என்னைத் தேற்றத்தான் சொன்னாள். அதைவிடப் பயங்கரமான ஒரு சொல்லை நான் இதுவரை கேட்டதில்லை.

பாஸுக்குப் போன் எடுத்தேன். யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பின்னால் ஏறி, மழைக்கோட்டுமில்லாமல் வந்தார். காரிடம் போகவில்லை. பாலத்தில் முழந்தாளிட்டுச் சுகந்தியின் காலைப் பார்த்தார். தொடவில்லை, பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு எழும்பிப் போய் அந்தத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஏ.சி. விசிறியின் எர்த்தும் இன்னும் நாலைந்து எர்த் வயர்களும் ஒரே நட்டில் சேர்கிற இடம். எல்லாம் உருகிக் கறுத்த கட்டியாகக் கிடந்தன. நட்டைச் சுரண்டினார். பச்சை.

“இதையும் நான் கழட்டிப் பாத்திருக்க வேணும்” என்றார். “நல்ல கரண்ட் வரப்பண்ணினன். அந்தக் கரண்ட் போற வழியைப் பாக்காமல் விட்டிட்டன். அவவின்ர கால்மாட்டில தம்பி. அவவின்ர கால்மாட்டிலயே விட்டிட்டன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. நான் அவருடைய தோளில் கை வைத்து, “பரவாயில்லை பாஸ். ஆருக்கும் பிழை வரும்தானே” என்றேன். அவரை நான் மன்னித்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கத்தில் காது சுடுகிறது.

கால் ஆற ஒரு மாதம் எடுத்தது. அதற்குள் பாஸ் காரில் இருந்த ஒவ்வொரு எர்த் நட்டையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டிக் கொடுத்தார். அதுதான் அவர் செய்த கடைசி வேலை. அதற்குப் பிறகு காலையில் வந்து கொட்டிலைத் திறப்பாராம், கதிரையில் இருப்பாராம், வருகிற வாகனங்களை “என்னால ஏலாது, வேற ஆளைப் பாருங்கோ” என்று திருப்பி அனுப்புவாராம். வாடிக்காரர்கள் சொன்னார்கள். சுகந்தியின் பள்ளிக்கூடத்திலும் இந்தக் கதை வந்திருக்கிறது.

ஒருநாள் வரும் வழியில் அவள் கேட்டாள். “பெயின்ற் அடிச்சது நீங்கள் எண்டு பாஸுக்குத் தெரியும்தானே?”

நான் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாருங்கோ. தெரியும்தானே?”

“பழைய ஆக்கள் அடிச்சதெண்டு சொன்னனான்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “காரைத் திருப்புங்கோ. இப்பவே போய்ச் சொல்லுங்கோ” என்றாள்.

வாடிக்கு முன்னால் காரை நிறுத்தி, அவளை உள்ளே இருக்கவிட்டு நான் மட்டும் போனேன். பாஸ் கொட்டிலுக்குள் சும்மா இருந்தார். எதிரில் இருந்த கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிச்சப் பெயின்ற், கழற்றிப் பூட்டிய நட்டுகள், அவர் கேட்டபோது சொன்ன பொய், பாலத்தில் விழுங்கிய வார்த்தை, ஒன்றையும் மிச்சம் விடவில்லை.

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். “அப்ப நான் பாத்த வேலையில பிழையில்லை” என்றார் மெதுவாக. “ஒவ்வொரு நாளும் நானெல்லே அந்தப் பிள்ளையின்ர காலைச் சுட்டனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.” அவர் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு எட்டு முன்னால் வைத்து அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

அவர் கதிரையோடு பின்னால் நகர்ந்தார்.

“இல்லைத் தம்பி. அங்கேயே நில்லுங்கோ” என்றார். “எனக்குக் கோவமில்லை. ஆனா நீங்கள் இனி இஞ்ச வராதேங்கோ. வயர் எண்டா நான் சுரண்டிப் பாப்பன். உங்களை என்னண்டு பாக்கிறது? உங்கட மனிசி எண்டு தெரிஞ்சும், அவ அதுக்குள்ள இருக்கிறா எண்டு தெரிஞ்சும் சொல்லாமல் இருந்தனீங்கள். எனக்கு உங்களைப் பயமாயிருக்கு.”

மெக்கானிக்குகளும் வாடிக்காரர்களும் சிரிக்கிற அந்தப் பயத்தை நான் நேருக்கு நேர் பார்த்தேன். அவருடைய விரல்கள் கதிரைக் கையை இறுக்கிக்கொண்டிருந்தன. திரும்பி நடந்தேன்.

சுகந்தி கண்ணாடியை இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னவர்?”

“கோவமில்லையாம்” என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களே. நான் சொன்னனான்தானே, நல்ல மனிசன். அடுத்த கிழமை காரைக் கொண்டந்து இவரிட்டயே ஒருக்காக் காட்டுவம். அவர் பாத்தாத்தான் எனக்கு இதுக்குள்ள பயமில்லாமல் இருக்கலாம்.”

“ஓம்” என்றேன்.